டாக்கா டைம்

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் முதலாளியையே கேட்டில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிவகாசியில் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "மொதலாளி எதுக்கு ஃபாக்டரிக்குப் போறாரு?" என்பார்கள். கேள்வியில் தப்பில்லை. லைசென்ஸ் ஒருத்தர் பேரில் இருக்கும், குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் இன்னொருத்தராக இருப்பார், வெடிமருந்தை அள்ளிக் குழாயில் போடுகிற கைகள் யாருடையதோ. அப்படி நடக்கிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி அந்த ரகம் இல்லை. தாயில்பட்டி ரோட்டில் இருந்த அந்த ஃபாக்டரிக்குக் காலையில் வேன் வந்து பெண்கள் இறங்கி வரிசையில் நிற்கும்போது, வரிசையின் கடைசியில் அவரும் நிற்பார். பருத்திச் சட்டை, வேட்டி, வெறுங்கால். முறை வந்ததும் தானே இரண்டு கையையும் தூக்கிவிடுவார். கேட் வாட்ச்மேன் காளிராஜ் கூச்சப்பட்டுக்கொண்டே இடுப்பைத் தடவுவான்.

"நல்லாப் பாருலே. எம் மடியில இருக்கிற சாவிக்கு நான் மொதலாளின்னு தெரியுமா?"

சாவிக்கொத்து, செல்போன், கிளிப் வைத்த பேனா எல்லாம் பிளாஸ்டிக் தட்டில் விழும். எங்கள் தொழிலில் இரும்பு ஆகாது, பேட்டரி ஆகாது, நைலான் சேலை ஆகாது. ஒரு பொறி போதும். கடைசியாக அண்ணாச்சி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அதை மட்டும் காளி தொடக்கூடாது. கைக்குட்டையைத் தட்டில் விரித்து, குழந்தையைத் தூங்கப் போடுகிற மாதிரி அதை மல்லாக்கப் படுக்க வைப்பார். பிறகு சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டு உள்ளே போவார். சாயங்காலம் வரை வாட்ச் கேட்டில் கிடக்கும், அவர் உள்ளே இருப்பார்.

அந்த வாட்ச்களைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு இல்லை. வீட்டுப் பீரோவில் ஒரு தட்டு முழுக்க வைத்திருந்தார். "நகை வைக்கிற எடத்துல கெடியாரம் ஒக்காந்திருக்கு, நகை அடகுக்கடையிலயா ஒக்காரும்?" என்று அவர் மனைவி என்னிடம் பொருமியிருக்கிறார். எல்லாம் ஒரே ஜாதி வாட்ச். உலக நேரம் காட்டுகிறவை. முகப்பைச் சுற்றி வளையமாக ஊர்ப் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். லண்டன், கெய்ரோ, டோக்கியோ என்று. அதற்குள் இருபத்துநாலு மணி எழுதிய இன்னொரு வளையம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த ஊருக்கு நேரே எந்த எண் நிற்கிறதோ அதுதான் அங்கே மணி. நடுவில் எனாமல் ஓவியம். ஒன்றில் நீலக் கடலும் பச்சைக் கண்டங்களும் இருக்கும். ஒன்றில் பாய்மரக் கப்பல். முடி மாதிரி மெல்லிய தங்கக் கம்பியை வளைத்துப் பாத்தி கட்டி, அதற்குள் கண்ணாடிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்து, அடுப்பில் சுட்டு எடுப்பார்களாம். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஒரு தடவை விரிசல் விட்டாலும் அத்தனை வேலையும் குப்பைக்குப் போய்விடுமாம்.

முதல் வாட்ச்சை அவர் பார்த்தது சென்னையில் ஒரு ஹோட்டலில். ஆர்டர் பேச வந்த வடநாட்டு வியாபாரியின் கையில். பேச்சு முடிகிற வரை அந்த ஆளின் மணிக்கட்டை விடவே இல்லையாம். "அவரு நான் கைரேகை பாக்கேன்னு நெனச்சிட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு அதில் பிடித்தது விலை இல்லை என்று அடித்துச் சொல்வேன். யாரிடமும் காட்டிக்கொள்ள மாட்டார். பட்டாசு முதலாளிகள் சங்கத்துக் கூட்டத்துக்கு அதைக் கட்டாமல்தான் போவார். அவரைப் பிடித்து ஆட்டியது அந்த நிறம். ஒரு நாள் ஆபீசில் வாட்ச்சை என் மேஜையில் வைத்து, டேபிள் விளக்கைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் பச்சையப் பாரும்மா. பச்சைக்கு நாம என்ன உப்புப் போடுறோம், நீலத்துக்கு என்ன போடுறோம்னு ஒனக்குத் தெரியும். அவுகளும் இந்த மாதிரி உப்பத்தான் போடுறாக. அதே தீயிலதான் வைக்காக. நம்ம கலரு மேல போயி கண்ணு சிமிட்டுறதுக்குள்ள செத்துப்போகுது. இது தீக்குள்ள போயிட்டு வந்து அங்கனயே நிக்குது. எப்பிடி நிக்குது?"

எனக்கு எப்படித் தெரியும்? விருதுநகரில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு, அவருக்கு லெட்டர் அடிக்க வந்தவள் நான். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே தனிக் கட்டடம். அதனால் எனக்குக் கம்ப்யூட்டரும் ஃபேனும் சுவர்க் கடிகாரமும் உண்டு.

இந்த உலக வாட்ச்களில் ஒரு கோளாறு இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், மீதியெல்லாம் அதில்தான் தொங்குகிறது. வளையத்தில் இருக்கிற ஊர்களெல்லாம் ஒன்றுக்கொன்று முழு மணி வித்தியாசத்தில் இருப்பவை. நம் நாடோ அரை மணியில் நிற்கிறது. கராச்சி இருக்கும், டாக்கா இருக்கும், நடுவில் நமக்கு இடம் இருக்காது. வாட்ச்சின் முள்ளை நம் ஊருக்குச் சரியாக வைத்தால் உலகத்தில் இருக்கிற அத்தனை ஊரும் அரை மணி தப்பாகிவிடும். உலகத்துக்குச் சரியாக வைத்தால் நாம் தப்பாகிவிடுவோம்.

"அரை மணிக்கும் சேத்துச் செஞ்ச வாட்ச்சு இருக்காம்ல, அதை வாங்குங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"அதுல இந்த ஓவியம் கெடையாதே."

அவர் உலகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு தன்னைத் தப்பாக வைத்துக்கொண்டார். எல்லா வாட்ச்சும் டாக்கா நேரத்தில் ஓடும். மணி பார்த்ததும் மனசுக்குள் அரை மணி கழித்துக்கொள்வார். யாராவது நேரம் கேட்டால் அவர் உதடு லேசாக அசையும், அதன் பிறகுதான் பதில் வரும். "ஊரு ஒலகமெல்லாம் மணி பாக்குது. நான் மட்டும் கணக்குப் போடுறேன்" என்பார். அதில் ஒரு பெருமையும் இருந்தது, ஒரு குறையும் இருந்தது. இத்தனை ஊர் மணியும் தெரிந்த மனிதர் சென்னையைத் தாண்டினதில்லை. அப்பா சாகும்போது லைசென்ஸ் இவர் பேருக்கு வந்தது. அன்றிலிருந்து கம்பெனிதான்.

எனாமல் சுடுகிற வீடியோ ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஜெனீவாவில் ஒரு சின்னப் பட்டறை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா, முகப்புத் தகட்டை இடுக்கியால் பிடித்து அடுப்புக்குள் வைக்கிறாள். எடுக்கும்போது அது வெறும் செக்கச்சிவந்த வட்டம். நிறமே இல்லை. ஆற ஆற, அந்தச் சிவப்புக்குள்ளிருந்து நீலம் மெல்ல மேலே வருகிறது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அண்ணாச்சி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அடிப்பாவி, இரும்பு இடுக்கி!"

"அண்ணாச்சி, நீலத்தைப் பாருங்க."

"பொடி டப்பாவத் தொறந்து வச்சிக்கிட்டு அங்கனயே அடுப்ப வச்சிருக்கே இந்தம்மா! தலையில வேற கிளிப்பு. ஒரு வாளித் தண்ணி இல்ல, மணல் இல்ல." பிறகு மறுபடி போடச் சொன்னார். "பயமே இல்லாம தீகிட்ட நிக்கிது பாரு" என்றார். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

அன்றைக்கே அந்தப் பட்டறைக்கு இங்கிலீஷில் மெயில் எழுதச் சொன்னார். வாடிக்கையாளர்கள் வந்து பார்க்கலாம், வாருங்கள் என்று பதில் வந்தது. அவர் ஆளே மாறிப்போனார். பாஸ்போர்ட் எடுத்தார். சென்னைக்குப் போய் விசா வாங்கினார். அதோடு விடவில்லை. சீசன் முடிந்ததும் கம்பெனியைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவதாக ஒரு ஆளிடம் பேசியும் முடித்தார்.

"லைசென்ஸ் எம் பேருல கெடந்துட்டுப் போகட்டும். மொதல்ல ஜெனீவா. பெறகு இந்த வளையத்துல இருக்கிற அம்புட்டு ஊரையும் பாத்துரணும். நான் தூங்குறப்ப இந்தப் பயலுக மணியெல்லாம் ஓடிக்கிட்டே இருந்துச்சுல்ல, போயி என்னன்னு கேக்கணும்."

குத்தகை விஷயம் எப்படியோ வேனில் வருகிற பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. மருந்து செலுத்துகிற அறையில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். எம்.புதுப்பட்டிக்காரி. வாய் கொஞ்சம் நீளம். கேட்டில் வரிசையில் நிற்கும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அண்ணாச்சி, போறீகளாம்ல?"

"ஆமாத்தா. நல்ல ஆளுதான் வாராரு."

"அவரும் இங்கன வரிசையில நிப்பாரா?"

அண்ணாச்சி சிரித்து மழுப்பினார். அவள் சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அது நடந்தது. கோடை. தகரத்தைத் தொட்டால் கை வெந்துவிடும் போலிருந்தது. நண்பகலில் மணியடித்தால் எல்லாரும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, அறைகளிலிருந்து தள்ளி இருக்கிற சாப்பாட்டுக் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். உள்ளே யாரிடமும் கடிகாரம் இல்லாததால் மணிதான் எல்லாம். வெண்கல மணி. காளிராஜ் கேட் ரூமில் இருக்கிற சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அடிப்பான்.

அன்றைக்கு நான் ஒரு ஆர்டருக்கு பில் அடித்துக்கொண்டிருந்தபோது மணி கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஆபீஸ் கடிகாரத்தில் பதினொன்றரை. சீசன் நெருக்கடியில் அரை மணி வேலையைக் கெடுத்துவிட்டானே என்று எனக்கு ஆத்திரம். பொருமிக்கொண்டே கேட்டுக்குப் போனேன். பெண்கள் அறைகளிலிருந்து இறங்கி, கை கழுவிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஏய்யா காளி, ஒனக்கு என்ன வந்துச்சு? பதினொன்றரைக்கே மணியடிக்கே!"

"இல்லக்கா, செவுத்துக் கெடியாரம் நின்னுபோச்சு. பேட்டரி போயிருச்சு போல. அதான் அண்ணாச்சி வாட்ச்சப் பாத்து அடிச்சேன்." தட்டைக் காட்டினான். கப்பல் ஓவியம் போட்ட வாட்ச். இரண்டு முள்ளும் பன்னிரண்டைத் தாண்டி ஒட்டி நின்றன. "இம்புட்டு வெல போட்ட வாட்ச்சு தப்பாக்கா காட்டும்?"

தலையிலடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

கேட் ரூம் கண்ணாடி உதிர்ந்தது. நான் தரையில் கிடந்தேன். எழுந்து பார்த்தபோது பேச்சியம்மாளின் அறை இருந்த இடத்தில் அறை இல்லை. புகைதான் இருந்தது. அண்ணாச்சி பேக்கிங் ஹாலிலிருந்து வெறுங்காலோடு கொட்டகைக்கு ஓடுகிறார். ஒவ்வொருத்தர் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். முடித்துவிட்டு மறுபடி எண்ணுகிறார். பேச்சியம்மாள் தலையில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. அவள் கையில் இன்னும் திறக்காத சோற்று டப்பா இருந்தது.

ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறையில் மிச்சமிருந்த கலவை வெயிலில் சூடேறித் தானாக வெடித்திருக்க வேண்டும் என்றார்கள். சரியான நேரத்துக்கு மணியடித்திருந்தால் அந்த அறையில் வேலை பார்த்த நாலு பெண்களும் உள்ளேதான் இருந்திருப்பார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள், கம்பெனியைப் பூட்டினார்கள், விசாரித்தார்கள், மாதக்கணக்கில் இழுத்து மறுபடி திறக்கச் சொன்னார்கள். அதற்குள் விசா காலாவதி. குத்தகைக்கு வருவதாகச் சொன்ன ஆள் போனை எடுப்பதில்லை. அதனாலென்ன, மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி தைரியமாகத்தான் இருந்தார்.

திறந்த அன்று காலையில் வேன் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். கேட்டுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். யாரும் வரிசைக்கு வரவில்லை. அண்ணாச்சி புதுச் சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டியிருந்தார். அதற்கு மாலையெல்லாம் போட்டிருந்தது. பேச்சியம்மாள் அதை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அந்த வாட்ச்சு எங்க அண்ணாச்சி?"

"வீட்ல இருக்கு. அது எதுக்குத்தா? இதுதான் சரியான டைமு. அது தப்பான டைம் காட்டுற வாட்ச்சு. டாக்கா டைமு. காளிப்பய தெரியாம அடிச்சிட்டான்."

"தப்போ ரைட்டோ, நான் அந்த அரை மணியிலதான் உசுரோட இருக்கேன். அந்த வாட்ச்சு வந்தா வாறோம்."

பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்துப் படித்துச் சொன்னேன். பூமி சுற்றுவதிலிருந்து ஆரம்பித்தேன். நான் பேசி முடிக்கிற வரை மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு அப்படியே நின்றார்கள். அண்ணாச்சி காரை எடுத்துக்கொண்டு போய்க் கப்பல் வாட்ச்சைக் கொண்டுவந்தார். கைக்குட்டையை விரித்துத் தட்டில் வைத்தார். பேச்சியம்மாள் முதல் ஆளாகக் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அந்த வாட்ச் ராத்திரியும் கேட் ரூமிலேயே தங்கியது, எங்கள் கம்பெனி டாக்கா நேரத்தில் ஓடியது. சாப்பாட்டு மணி பதினொன்றரைக்கு. சாயங்காலமும் அரை மணி முன்னால். கம்பெனி டைம், வீட்டு டைம் என்று பெண்கள் பழகிக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு வாட்ச்சுக்குச் சந்தனம் வைக்க வந்தார்கள். அண்ணாச்சி பதறிப்போய்த் தட்டின் ஓரத்தில் வைக்கச் சொன்னார்.

இது இத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வாட்ச் தினமும் சாவி கொடுக்க வேண்டிய ரகம். ஒரு நாள் அண்ணாச்சி வரத் தாமதமாகி, காளிராஜ் தானே சாவி கொடுக்கப் போனான். பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டான். அமுக்கினால் மணி முள் அடுத்த ஊருக்குத் தாவிவிடும். டாக்காவிலிருந்து பாங்காக்குக்குப் போய்விட்டது. பயத்தில் இன்னும் நாலு அமுக்கு. எங்கே போய் நின்றதோ கடவுளுக்கே வெளிச்சம். பெண்கள் அறைகளை விட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாச்சி வந்து உலகம் முழுக்கச் சுற்றி மறுபடி டாக்காவில் நிறுத்திய பிறகுதான் உள்ளே போனார்கள். "இனிமே நீங்கதான் தொடணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, தினமும் காலையில் அண்ணாச்சி வந்தாக வேண்டும். காய்ச்சலா, வந்தாக வேண்டும். சொந்தக்காரர் கல்யாணமா, தாலி கட்டு முடிந்ததும் வந்தாக வேண்டும். உலகத்தில் இருக்கிற ஊரையெல்லாம் வளையத்தில் வைத்திருந்த அந்த வாட்ச்சே அவரைத் தாயில்பட்டி ரோட்டில் கட்டிப்போட்டுவிட்டது.

ஒரே ஒரு தடவை கிளம்பினார். புது விசா வாங்கி, பத்து நாள் பயணமாக. எனக்குச் சாவி கொடுக்கச் சொல்லிக் கொடுத்தார். எத்தனை சுற்று, எங்கே கை படக்கூடாது என்று எல்லாம். பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் சொன்னார். "போயிட்டு வந்துருவேன். நம்ம ஆபீஸ் பிள்ளை பாத்துக்கிடும்." யாரும் எதுவும் பேசவில்லை. சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவர் மதுரை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய காலையில் நான் எல்லார் முன்னாலும் சாவி கொடுத்தேன். வாட்ச் அருமையாக ஓடியது. வேனில் வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே வேலி ஓரமாக உட்கார்ந்தார்கள். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "அண்ணாச்சி வரட்டும்க்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவருக்குப் போன் போட்டேன்.

"உள்ள போனாகளா?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க அதப் பத்திக் கவலப்படாம பிளைட் ஏறுங்க. ரெண்டு நாள் வெயில்ல கெடந்தா தானா உள்ள போவாக."

அந்தப் பக்கம் ஏர்போர்ட் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"பேச்சி என்ன சொல்றா?"

"என்ன சொல்லுவா, நீங்க வரணுமாம்."

"சரிம்மா" என்றார். பிளைட் ஏறுகிறேன் என்கிறாரா, வருகிறேன் என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் டாக்ஸியில் வந்து இறங்கினார். ஜெனீவாக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் தோளில் கிடக்கிறது. காலில் புது ஷூ. வேர்த்துக் கொட்டுகிறது. எனக்கு அழுகை வந்தது. அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையைத் தூக்கினார். காளிராஜ் தடவிப் பார்த்தான். வாட்ச்சை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, திரும்பத் தட்டில் வைத்தார். செம்புத் தகட்டில் கையை அழுத்தினார். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினார்.

பெண்கள் எழுந்து வரிசைக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் அவரிடம் நின்று, "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி" என்றாள்.

"கோவம் ஒண்ணும் இல்லத்தா. போங்க, வேலையப் பாருங்க."

அதற்குப் பிறகு அவர் புது வாட்ச் எதுவும் வாங்கவில்லை. பீரோவில் இருந்தவற்றுக்குச் சாவி கொடுப்பதையும் விட்டுவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார். நகைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன, ஆனால் அந்த அம்மாவுக்கு அதில் சந்தோஷம் இல்லை. மத்தியானங்களில் அண்ணாச்சி கேட் ரூமுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். கூண்டுக்கு வெளியே இருந்து கிளியைப் பார்க்கிற மாதிரி என்று எனக்குத் தோன்றும். யார் கூண்டுக்குள் என்பதில்தான் சந்தேகம் வரும். ஒரு நாள் மணியடித்து ஓய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"அங்கன இப்ப ஏழு மணி. அந்தம்மா எந்திரிச்சு அடுப்பப் போடப் போகும்."

"மறுபடி ஒரு தடவ கிளம்புங்க அண்ணாச்சி. இந்தத் தடவ போன எடுக்காதீங்க."

"எடுக்காம இருக்க முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாலு பேரின் மூடநம்பிக்கைக்கு ஒரு ஆள் தன் ஆயுளைக் கொடுப்பாரா? அவருக்கு முதுகெலும்பு இல்லை என்றுகூட நினைத்தேன். அவரிடம் சொல்லவும் சொன்னேன். சிரித்தார். கடைசியில் பாஸ்போர்ட்டும் ஒரு முத்திரை விழாமல் காலாவதியானது. அதன் வெள்ளைத் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்.

போன தை மாதம், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனார். ஊருக்கு வெளியே போகவில்லை, விருதுநகர் ரோட்டில்தான்.

சென்னையில் இருந்த மகன் வந்து பொறுப்பெடுத்தான். நல்ல பையன், வேகமான பையன். அப்பாவின் வாட்ச்களை மொத்தமாக ஒரு ஆளுக்கு விற்றான். கேட்டில் இருந்த கப்பல் வாட்ச்சையும் சேர்த்துத்தான். அது இருந்த இடத்தில் தானாக ஒலிக்கிற சைரனை மாட்டினான். இந்திய நேரம், நொடி பிசகாது. "இந்தப் பழைய கூத்தெல்லாம் வேண்டாம்க்கா" என்றான். நான் எத்தனையோ வருஷமாகச் சொன்னதைத்தான் அவன் செய்தான். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

சைரன் வைத்த முதல் நாள் பெண்கள் வேலி ஓரம் உட்காரப் போகிறார்கள் என்று நான் காலையிலேயே கேட்டில் போய் நின்றேன். அவர்கள் சைரனைப் பார்த்தார்கள், கையைத் தூக்கினார்கள், உள்ளே போனார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. இதற்காகவா அந்த மனிதரை ஏர்போர்ட்டிலிருந்து திருப்பி இழுத்தீர்கள் என்று எனக்கு வயிறெரிந்தது.

பதினொன்றரை ஆனது. சைரன் ஒலிக்க இன்னும் அரை மணி இருந்தது. உள்ளே பார்த்தேன். முதலில் பேச்சியம்மாள் அறையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள். அடுத்த அறை, அதற்கடுத்த அறை. கை கழுவினார்கள். பேசிக்கொண்டே கொட்டகைக்கு வந்து டப்பாவைத் திறந்தார்கள்.

நான் அவர்களிடம் போனேன்.

"யாரு மணியடிச்சா ஒங்களுக்கு?"

"மணி எதுக்குக்கா? தரை கால்ல சுட ஆரம்பிச்சா நேரமாச்சுன்னு தெரியாதா? வருசக்கணக்காப் பழகுன ஒடம்பு." பேச்சியம்மாள் டப்பா மூடியில் கொஞ்சம் சோற்றை வைத்து என் பக்கம் நகர்த்தினாள். "ஒக்காருங்க. புளிச்சோறு."

நான் உட்காரவில்லை.

"அப்பொ வாட்ச்சு வேணும், அண்ணாச்சிதான் சாவி கொடுக்கணும்னு ஏண்டி அந்த மனுசனப் பாடாப் படுத்துனீக? ஒரே ஒரு தடவ, அந்த அடுப்பப் பாத்துட்டு வாறேன்னுதான கேட்டாரு?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வாட்ச்சு என்னத்தக்கா காட்டும்? மொதலாளி எங்கயோ வெளியூர்ல ஒக்காந்திருக்கிற எடத்துலயும் நாங்க வேலை பாத்திருக்கோம். எங்க அக்கா உசுரு போனது அப்பிடி ஒரு எடத்துலதான். வெயிலடிச்சா என்ன, மருந்து மிஞ்சுனா என்ன, அவுகளுக்குத் தெரியவா போகுது? இந்த மனுசன் எங்ககூட வரிசையில நின்னாரு. அவரு உசுரும் உள்ள இருந்தா, உள்ள எல்லாம் ஒழுங்கா இருக்கும். போறேன்னு சொன்னாரு. போகாதீகன்னு எந்த வாயால சொல்ல? கூலிக்கு வாறவ மொதலாளியப் பாத்து அப்பிடிச் சொல்ல முடியுமா? வாட்ச்சச் சொன்னோம்."

"பாவம், அவருக்கு இது தெரியாமலே போயிருச்சே" என்றேன்.

பேச்சியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாமயாக்கா ஏர்போர்ட்டுல இருந்து திரும்பி வந்தாரு?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடியில் இருந்த சோற்றை எடுத்துச் சாப்பிட்டேன். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி முடிக்கிற நேரத்தில், காலியாகக் கிடந்த அறைகளைப் பார்த்து அந்தப் புது சைரன் ஊதியது.